வன்னி வீட்டுப் படங்களைப் பல கருவிகளில் ஒத்திசைத்து வைக்கும் முறை

வன்னியில் 2009ஆம் ஆண்டுக்கு முன்னர் எடுக்கப்பட்ட குடும்பப் படம் ஒன்று இன்று ஒரு வீட்டுச் சுவரில் தொங்குகிறதென்றால், பல வேளைகளில் அது அந்த வீட்டாரின் அல்பத்தில் இருந்த படமாக இராது. முன்னொரு காலத்தில் கடிதத்தோடு கனடாவுக்கோ சுவிசுக்கோ அனுப்பப்பட்ட பிரதி, பின்னர் அங்கிருந்து திரும்பி வந்ததாக இருக்கும். இடம்பெயர்ந்து போகும் வழியில் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பொருட்களோடு அல்பங்களும் போயின. இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருந்த படங்களே எஞ்சின. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் அவர்களின் கைகளில் இருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு படத்தின் பெறுமதியை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் படங்கள் அல்பத்தில் இல்லை, கைத்தொலைபேசிகளில் இருக்கின்றன. விசுவமடுவில் உள்ள அம்மாவின் தொலைபேசியில் கொஞ்சம், மட்டக்களப்பில் படிக்கும் மகளின் தொலைபேசியில் கொஞ்சம், கிளிநொச்சியில் வேலை செய்யும் மகனின் மடிக்கணினியில் கொஞ்சம், ரொறன்ரோவில் உள்ள சித்தப்பாவின் ஐபோனில் கொஞ்சம் என்று ஒரே குடும்பத்தின் படங்கள் சிதறிக் கிடக்கின்றன. முகில் சேமிப்பை, அதாவது படங்களை இணையம் வழியாக ஒரு நிறுவனத்தின் கணினிகளில் வைக்கும் வசதியைக் கொண்டு இவற்றை எல்லாக் கருவிகளிலும் பார்க்கக்கூடியவாறு ஒன்றுசேர்ப்பதும், எந்த ஒரு கருவியோ கணக்கோ இல்லாமற் போனாலும் படங்கள் போகாதவாறு வைப்பதும் எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள் என்பதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒத்திசைவு என்பது ஒரு கருவியில் நடந்ததை மற்றக் கருவிகளிலும் நடத்துவது; படத்தைச் சேர்த்தால் எங்கும் சேரும், அழித்தால் எங்கும் அழியும். காப்புப் பிரதி என்பது ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் அசையாமல் இருப்பது. ஒத்திசைவை மட்டும் செய்துவிட்டுப் படங்கள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று நம்புவதே இந்த விடயத்தில் மிகவும் ஆபத்தானது.

கணக்கு யாருடையது?

நம் ஊர்களில் புதிய தொலைபேசி வாங்கும்போது, விற்கும் கடையில் உள்ள தம்பியே ஒரு ஜிமெயில் கணக்கைத் திறந்து கொடுப்பது வழக்கம். அந்தக் கணக்கின் பெயர் என்ன, கடவுச்சொல் என்ன, மீட்புக்கென எந்தத் தொலைபேசி இலக்கம் கொடுக்கப்பட்டது என்பவை வாங்கியவருக்குத் தெரியாது. அந்தத் தொலைபேசி உடைந்து அடுத்ததை வாங்கும்போது இன்னொரு கணக்கு திறக்கப்படும். முன்னைய கணக்கில் ஏறியிருந்த படங்கள் இருக்கின்றன, ஆனால் அவற்றை எடுக்க எவராலும் இயலாது. ஆகவே எந்தப் படத்தையும் பதிவேற்றுவதற்கு முன்னர், வீட்டில் உள்ள ஒவ்வொரு தொலைபேசியிலும் எந்தக் கணக்கு இருக்கிறது என்பதைப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். கடவுச்சொல் தெரியாவிட்டால், அந்தத் தொலைபேசி இன்னும் இயங்குகிறபோதே அதை மாற்றிக்கொள்வது எளிது, பின்னர் கடினம். மீட்பு இலக்கமாக இப்போது உண்மையில் பயன்பாட்டில் உள்ள, உங்கள் பெயரிலேயே பதிவான சிம் இலக்கத்தைக் கொடுங்கள். கடவுச்சொல்லுக்கு மேலாக இன்னொரு சான்றையும் கேட்கும் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கிய பின்னர் கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி, அடையாள அட்டைகளும் காணி உறுதியும் இருக்கும் அதே பையில் வைத்துவிடுங்கள். சிம் தொலைந்த நாளில் கணக்கைத் திறந்து தருபவை அவைதான்.

அடுத்ததாக, எத்தனை கணக்குகள் வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லாத் தொலைபேசிகளிலும் ஒரே கணக்கைப் போட்டுவிட்டால் எல்லாப் படங்களும் எல்லோருக்கும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் டப்லெட்டை வைத்து விளையாடும் சிறு பிள்ளை ஒரு படத்தை அழித்தால் அதுவும் எல்லோருக்கும் அழியும். வளர்ந்த பிள்ளைகளின் தனிப்பட்ட படங்களும் எல்லோர் கண்ணிலும் படும். என் பரிந்துரை வேறு. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கில் அன்றாடப் படங்களை வைத்திருக்கட்டும். அவற்றுக்கு மேலாக, குடும்பத்தின் முக்கியமான படங்களுக்கென மட்டும் ஒரு பொதுக் கணக்கைத் திறந்து, அதன் கடவுச்சொல்லை இருவரிடம், ஒருவர் இங்கும் ஒருவர் வெளிநாட்டிலுமாக, ஒப்படையுங்கள். இந்தப் பொதுக் கணக்கை எவருடைய அன்றாடத் தொலைபேசியிலும் போட வேண்டியதில்லை. உலாவியில் திறந்து பார்த்தால் போதும்.

எந்தச் சேவை?

கூகுள் போட்டோஸ் 15 ஜிபி வரை இலவசமாகத் தருகிறது. அந்த 15 ஜிபி ஜிமெயிலுக்கும் கூகுள் டிரைவுக்கும் சேர்த்தே தரப்படுவது. அப்பிளின் ஐகிளவுட் 5 ஜிபியும், மைக்ரோசொப்டின் வன்டிரைவ் 5 ஜிபியும், டிரொப்பொக்ஸ் 2 ஜிபியும் தருகின்றன. வன்னியில் பெரும்பாலான கைகளில் இருப்பது அன்ட்ரொயிட் தொலைபேசி; வெளிநாட்டு உறவினரிடமோ ஐபோன். இரண்டிலும் இயங்குவதும் கணினி உலாவியில் திறப்பதும் கூகுள் போட்டோஸ் என்பதால் கலப்பான குடும்பத்துக்கு அதுவே பொருந்தும். வீட்டில் எல்லோரும் ஐபோனே வைத்திருந்தால் ஐகிளவுட் இன்னும் ஒழுங்காக வேலை செய்யும்.

முன்பு கூகுள் போட்டோஸில் அளவின்றி ஏற்றலாம் என்று சொல்லித் தந்தவர்களின் பேச்சு இன்னும் சில இடங்களில் உலவுகிறது. அந்தச் சலுகை 2021 ஜூன் 1ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. இப்போது ஏற்றும் ஒவ்வொரு படமும் கணக்கில் சேரும். தொலைபேசிப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி வரை இருக்குமென்று கொண்டால், 15 ஜிபியில் ஏறக்குறைய 3,000 முதல் 5,000 படங்கள் அடங்கும். காணொளிகள் சேர்ந்தால் மிக விரைவில் நிரம்பும். அமைப்புகளில் படத்தின் தரத்தைத் தெரிவுசெய்யும் இடம் உண்டு. மூலத் தரம் என்றால் எடுத்தபடியே ஏறும். இடம் மிச்சம் பிடிக்கும் தரம் என்றால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்கள் அந்த அளவுக்குச் சுருக்கப்படும். அன்றாடப் படங்களுக்கு இரண்டாவது போதும். பொதுக் கணக்கில் ஏற்றும் பழைய படங்களுக்கு மூலத் தரத்தையே வைக்க வேண்டும்.

பணம் கட்டி இடத்தைக் கூட்டிக்கொள்ள விரும்பினால் கூகுள் வன் திட்டத்தை மேலும் ஐந்து குடும்ப உறுப்பினர்களுடன் பகிரலாம். ஆனால் குடும்பக் குழுவில் உள்ள அனைவரும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி; ஆகையால் ரொறன்ரோவில் உள்ள சித்தப்பா தம் குழுவில் விசுவமடு அம்மாவைச் சேர்த்துவிடலாம் என்று திட்டமிட வேண்டாம். கட்டணம் ஒருமுறை தவறி, கணக்கில் உள்ளவை இலவச அளவைத் தாண்டியிருந்தால் புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும். ஜிமெயிலுக்கு மின்னஞ்சல் வருவதும் நின்றுவிடும். அந்த நிலை இரண்டு ஆண்டுகள் நீடித்தால் படங்கள் நீக்கப்படவும் கூடும். பிறர் கட்டும் பணத்தை நம்பி 100 ஜிபியை நிரப்புவதைவிட, தேர்ந்தெடுத்த படங்களை 15 ஜிபிக்குள் வைத்திருப்பதே நம் நிலைக்கு உகந்தது என்பது என் உறுதியான கருத்து.

இயக்குதல்

அன்ட்ரொயிட் தொலைபேசியில் கூகுள் போட்டோஸ் செயலியைத் திறந்து, மேல் மூலையில் உள்ள கணக்குப் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் போய், பக்கப் என்ற பகுதியை இயக்க வேண்டும். எந்தக் கணக்கில் ஏறுகிறது என்பது அங்கேயே காட்டப்படும். தொலைபேசியில் இரண்டு கணக்குகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்கே ஏறும் என்பதால் அதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கமெராவில் எடுத்த படங்கள் தாமாகவே ஏறும். வட்ஸ்அப் முதலிய மற்றக் கோப்புறைகள் ஏற வேண்டுமா என்பதை நீங்கள் தெரிவுசெய்யலாம். வட்ஸ்அப் கோப்புறையை முழுதாக ஏற்றுவதை நான் பரிந்துரைக்கவில்லை. காலை வணக்கப் படங்களும் மரண அறிவித்தல்களும் கோயில் திருவிழா அறிவித்தல்களும் சேர்ந்து இலவச இடத்தை விழுங்கிவிடும். அதிலிருந்து வேண்டிய படங்களை மட்டும் தனித்தனியே தெரிந்தெடுத்து ஏற்றலாம்.

வட்ஸ்அப்பில் வரும் படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுகிறது. எடுத்த நாள், இடம் ஆகிய உள்விவரங்களும் அகற்றப்படுகின்றன. சித்தப்பா பழைய திருமணப் படத்தை ஸ்கான் செய்து அனுப்புவதென்றால், அதைப் படமாக அன்றி ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு மாறாமல் வந்து சேரும். பகிரப்பட்ட அல்பத்தில் போடச் சொன்னால் இன்னும் நல்லது.

தரவுச் செலவுதான் வன்னியில் பெரிய கேள்வி. 10 ஜிபி படங்களை நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஏற்றினால், இடைவிடாமல் பதினொரு மணித்தியாலங்களுக்கு மேல் செல்லும். பதிவேற்ற வேகம் பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவாகவே இருப்பதால், காணொளி தடையின்றி ஓடும் இணைப்பில்கூடப் படங்கள் ஊர்ந்துதான் ஏறும். ஆகவே தொலைபேசித் தரவைப் பயன்படுத்துவதை அமைப்புகளில் நிறுத்திவிட்டு, வைஃபை இருக்கும்போது மட்டும் ஏறச் செய்யுங்கள். வைஃபையே இல்லாத வீடென்றால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற எல்லையை அதே இடத்தில் குறிக்கலாம். இரவுக்கெனத் தனி அளவு தரும் தரவுப் பொதி உங்களிடம் இருந்தால், தொலைபேசியை மின்னேற்றியில் போட்டு, மின்கலச் சேமிப்பு முறையை நிறுத்தி, செயலியைத் திறந்தபடி விட்டுவிடுங்கள். மின்கலச் சேமிப்பு முறை இயங்கினால் பல தொலைபேசிகளில் பதிவேற்றம் பாதியில் நிற்கும். ஸ்ரூடியோக்காரர் பென் டிரைவில் தந்த திருமண வீட்டுப் படங்களையோ சாமத்திய வீட்டுப் படங்களையோ இப்படி ஏற்ற முயல வேண்டாம். அவற்றில் நூறு இருநூறு நல்ல படங்களைத் தெரிந்தெடுத்து, கம்பி இணைப்பு உள்ள உறவினர் வீட்டுக் கணினியில் உலாவி வழியாக ஏற்றுவது ஒரு மாலைப்பொழுது வேலை. முடிந்ததும் அந்தக் கணினியில் கணக்கிலிருந்து வெளியேற மறக்கக் கூடாது.

ஐபோனில் ஐகிளவுட் போட்டோஸ் இயங்கி, இடத்தைக் குறைக்கும் தெரிவும் போடப்பட்டிருந்தால், தொலைபேசியில் இருப்பவை சிறிய பிரதிகளே. மூலப் படங்கள் ஐகிளவுட்டில் இருக்கும். அந்த நிலையில் கூகுள் போட்டோஸையும் இயக்கினால், மூலப் படம் முதலில் இறங்கிப் பின்னர் ஏற வேண்டியிருப்பதால் தரவு இரட்டிப்பாகச் செலவாகும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது பெரிதல்ல. இங்கே ஐபோன் வைத்திருப்பவர் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஐபோன் 2017 முதல் பயன்படுத்தும் ஹெயிக் என்ற கோப்பு வகை சில பழைய கணினிகளில் திறக்காது. கமெரா அமைப்புகளில் வடிவம் என்ற இடத்தில் அதிகம் பொருந்தும் வகையைத் தெரிவுசெய்தால் அதன் பின் எடுப்பவை வழமையான ஜேபெக்காகப் பதியும்.

அழிப்பது பற்றி

தொலைபேசியில் இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லி, கூகுள் போட்டோஸ் செயலிக்குள் போய்ப் படங்களைத் தெரிவுசெய்து அழித்தால், அவை முகிலிலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். அப்படிச் செய்யாமல், அதே செயலியில் இடத்தை விடுவிக்கும் தெரிவைப் பயன்படுத்த வேண்டும். அது ஏற்கெனவே ஏறிவிட்ட படங்களின் தொலைபேசிப் பிரதிகளை மட்டும் நீக்கும். ஏற்றிய படம் ஒன்று தவறி அழிந்தால் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாட்கள் இருக்கும். ஐகிளவுட்டில் 30 நாட்கள். அதற்குள் கவனித்தால் மீட்கலாம். குப்பைத்தொட்டியை வெறுமையாக்கினால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

பகிரப்பட்ட அல்பத்திலும் இதே நுட்பம் இருக்கிறது. மகள் ஒரு அல்பத்தைத் திறந்து எல்லோரையும் சேர்த்து, ஒவ்வொருவரும் அதில் படங்களைப் போடலாம் என்று அமைத்தால், அம்மாவும் சித்தப்பாவும் அதே படங்களைப் பார்க்கலாம். ஆனால் பார்ப்பது வேறு, வைத்திருப்பது வேறு. படத்தைப் போட்டவர் தம் கணக்கிலிருந்து அதை அழித்தால் அல்பத்திலிருந்தும் மறையும். ஆகையால் முக்கியமான படம் ஒன்று அல்பத்துக்கு வந்தவுடன், பொதுக் கணக்கைக் கவனிப்பவர் அதைப் பொதுக் கணக்கில் சேமித்துக்கொள்ள வேண்டும். அல்பத்தின் இணைப்பு யாரிடம் போனாலும் அவர் பார்க்கலாம் என்ற அமைப்பைத் தவிருங்கள். பெயர் குறிப்பிட்டு அழைத்தவர்கள் மட்டும் பார்க்கட்டும். வீடு இருக்கும் இடம் படத்தின் உள்விவரத்தில் பதிவாகியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இணைப்பு வழியாகப் பகிரும்போது இட விவரத்தை நீக்கும் தெரிவு அமைப்புகளில் உண்டு.

பழைய படங்கள்

என் மனம் அதிகம் தங்கும் இடம் இதுதான். எஞ்சியிருக்கும் அச்சுப் படங்களை முகிலுக்குக் கொண்டுவருவதற்கு ஸ்கானர் இருந்தால் 600 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற நுணுக்கத்தில் எடுங்கள். இல்லாவிட்டால் கூகுளின் போட்டோஸ்கான் செயலி போதும். அது ஒரே படத்தைப் பல கோணங்களில் எடுத்துக் கண்ணாடி மினுக்கத்தை நீக்குகிறது. பிளாஸ்டிக் உறையில் ஒட்டிப்போன படத்தை இழுத்துப் பிரிக்க முயல வேண்டாம், உறையோடே எடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் எழுத்து இருந்தால் அதையும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கையெழுத்தும் சிலருக்கு எஞ்சியிருக்கும் ஒரே கையெழுத்தாக இருக்கலாம்.

ஸ்கான் செய்த படம் இன்றைய திகதியோடு ஏறும். 1987இல் முள்ளியவளையில் எடுத்த படம் போன வாரம் வாங்கிய சைக்கிளின் படத்துக்குப் பக்கத்தில் நிற்கும். இதைத் திருத்த, படத்தைத் திறந்து விவரப் பகுதிக்குப் போய், திகதியை மாற்ற வேண்டும்; சரியான நாள் தெரியாவிட்டால் ஆண்டையாவது சரியாகப் போடுங்கள். அதே இடத்தில் விளக்கம் எழுதும் பெட்டி இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் யார், இடமிருந்து வலமாக எந்த வரிசையில் நிற்கிறார்கள், எந்த ஊர், என்ன நிகழ்வு, படத்தைத் தந்தவர் யார் என்பவற்றைத் தமிழிலேயே எழுதுங்கள். பின்னர் பெயரைத் தட்டெழுதித் தேடினால் படம் வரும். இந்த வேலையை அம்மம்மாவும் அப்பம்மாவும் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வேண்டும். படத்தை எந்தச் சேவையும் பாதுகாத்துத் தரும். அதில் நிற்கும் பெண் அம்மாவின் எந்தச் சிநேகிதி என்பதை அவர்களைத் தவிர வேறெவரும் சொல்ல மாட்டார்கள்.

முகிலுக்கு வெளியே ஒரு பிரதி

இவ்வளவும் செய்த பின்னரும் படங்கள் ஒரு கணக்கின் உயிரில் தங்கியிருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் எவரும் திறக்காத கணக்கை நீக்குவதற்கு கூகுளின் விதிகள் இடமளிக்கின்றன. பொதுக் கணக்கை நாள்தோறும் எவரும் திறப்பதில்லை என்பதால் இது நமக்கு உண்மையான ஆபத்து. தைப்பொங்கலன்றோ சித்திரைப் புத்தாண்டன்றோ ஆண்டுக்கொருமுறை அதனுள் நுழைந்து பார்ப்பதை வீட்டு வழக்கமாக்குங்கள். அன்றைக்கே கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்துக்குப் போய், போட்டோஸை மட்டும் தெரிவுசெய்து, முழுப் படங்களையும் சிப் எனப்படும், பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய கோப்புகளாகக் கேளுங்கள். ஒரு கோப்பு 2 ஜிபி என்ற அளவைத் தெரிவுசெய்தால், இணைப்பு இடையில் அறுந்தாலும் அந்த ஒரு கோப்பை மட்டும் மீண்டும் இறக்கலாம். படங்களோடு வரும் ஜேசன் என்ற சிறு கோப்புகளை அழிக்க வேண்டாம்; நீங்கள் எழுதிய விளக்கங்களும் திருத்திய திகதிகளும் அவற்றில்தான் இருக்கின்றன. ஐகிளவுட்டில் உள்ளவற்றை அப்பிளின் தனியுரிமைப் பக்கத்தில் இதேபோல் கேட்டுப் பெறலாம்.

இறக்கியவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் போட்டு, அந்த வன்தட்டை வேறொரு வீட்டில் வையுங்கள். 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் புகுந்த வீடுகளில் தரையோடு இருந்த எதுவும் நனையாமல் தப்பவில்லை. ஒரே அலுமாரியில் மடிக்கணினியும் வன்தட்டும் இருந்தால் இரண்டு பிரதிகள் இருப்பதாகக் கணக்கில் கொள்ள முடியாது. வவுனியாவில் உள்ள மாமி வீடு நல்ல இடம். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் திரும்பும்போது இரண்டாவது வன்தட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. வன்தட்டுகளையும் ஆண்டுக்கொருமுறை இணைத்து, சில படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். திறக்காமலே அலுமாரியில் இருக்கும் வன்தட்டு பழுதாகிவிட்டதா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியவரும்.

கடைசியாக, கூகுள் கணக்கின் அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்ற பகுதியைத் திறவுங்கள். கணக்கு 3, 6, 12 அல்லது 18 மாதங்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும், அவர் எவற்றைப் பதிவிறக்கலாம் என்று அங்கே குறிக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். அம்மாவின் கணக்கில் மகளையும், மகளின் கணக்கில் தம்பியையும், பொதுக் கணக்கில் இங்கே ஒருவரையும் அங்கே ஒருவரையும் குறித்து, குறித்த செய்தியை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் அப்படியொரு மின்னஞ்சல் வந்தால், மோசடி என்று நினைத்து அவர்கள் அதை அழித்துவிடக்கூடும்.